சிறார்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம்

கொல்லிமலைப் பள்ளிகளுக்கென்று போதை ஒழிப்புத் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதியிருந்தார் சுகாதார அலுவலர் பூபதி. அச்சுக்கு அனுப்பும் முன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, பெயர் போடாமல் கருத்து எழுதித் தரச் சொன்னார்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு தாளை உரக்கப் படித்தார்.

"அட்டையில இருக்கிற மண்டை ஓடு சூப்பர். பசங்க பைக்ல ஒட்டிக்குவாங்க. ஆனா கூட்டாளி கஞ்சாவை நீட்டினா, அவனைப் பகைச்சுக்காம எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு இதுல இல்லை. எழுதினவர் எங்க வயசுப் பிள்ளைங்ககிட்ட உட்கார்ந்து பேசினதே இல்லைன்னு நினைக்கிறேன்."

பூபதி வாய்விட்டுச் சிரித்தார். "என் இருபது வருஷ சர்வீசை நாலு வரியில முடிச்சிருச்சுங்க டீச்சர். இந்தப் பிள்ளையை வெச்சே திருத்தி எழுதிடலாம். யாருன்னு தெரியுங்களா?"

மணிமேகலை டீச்சர் தயங்கினார். "கையெழுத்து உங்களுக்குத் தெரியலீங்களா சார்? உங்க பொண்ணு யமுனாதானுங்க."

பூபதி அந்தத் தாளை மறுபடியும் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் நோட்டும் பேனாவுமாக மகள் எதிரே போய் உட்கார்ந்தார். "சொல்லு கண்ணு, அப்பா எழுதிக்கறேன்."

"மொதல்ல நோட்டை மூடி வைங்கப்பா," என்றாள் யமுனா. "பேசலாம்."