நாலாவது துளை

மகளுக்காக வெல்டர் செல்வின் செய்த மூன்று சக்கர ஸ்கூட்டரின் கைப்பிடிக் கம்பியில் ஆறு துளைகள் இருந்தன. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போல்ட்டைக் கழற்றி, கைப்பிடியை ஒரு துளை உயர்த்துவான். மூன்றாவது துளையில் இருக்கும்போது அனிட்டா காய்ச்சலில் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்து வீட்டு ரோஸ்லின் அதில் ஏறி ஒரு காலால் உந்திப் பார்த்தாள்.

“மாமா, கூனிக்கிட்டு ஓட்டணும் போல இருக்கே. ஏத்தி வைங்க.”

“எந்த கிளாஸ்டி நீ இப்போ?”

“ஒண்ணாப்பு. அனிட்டாவும் நானும் ஒரே வயசுல்லா, மறந்துட்டீங்களா?”

துருப்பிடித்த போல்ட் மெல்லத்தான் கழன்றது. இரண்டு துளை ஏற்றினால் அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும். செல்வின் நாலாவதில் மாட்டி இறுக்கினான்.

“இன்னும் குட்டையாத்தான் இருக்கு, மாமா.”

“இருக்கட்டும். இதுல ஒரு சுத்து போயிட்டு வா. அஞ்சாவது அப்புறம்.”