குதிரை ஏன் வரவில்லை?

ஓடைக்கரை ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும், முதுகில் ஏற்றிக்கொண்டு வைத்தியர் நாரையிடம் ஓடுவது மட்டக்குதிரைதான். அது தாமதமாக வருகிறது என்று ஒரே புகார். விதிமுறை வகுக்கத் தலைவர் உடும்பு கூட்டம் போட்டது. விதிமுறை முடிவாகும்வரை குதிரை ஓடக்கூடாது என்பது முதல் தீர்மானம்.

குதிரையின் மணியைக் கழுத்தில் கட்டுவதா, வாலில் கட்டுவதா என்று பேசியே மத்தியானம் ஆகிவிட்டது. நின்று நின்று குதிரைக்குக் கால் கடுத்தது.

அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது. "குதிரையண்ணே, எங்க வீட்டுக்காரர் மரத்துலேருந்து விழுந்துட்டாரு. பேச்சுமூச்சே இல்ல!"

"தலைவரே, ஓடிப்போயிட்டு வந்துடறேன்" என்றது குதிரை.

"எந்த விதிப்படி போவே? அதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம்!"

"நீங்க பேசிக்கிட்டே இருங்களேன். நான் எதுக்கு?"

"உன்னைப் பத்தின கூட்டத்துல நீயே இல்லைன்னா எப்படி?" என்றது உடும்பு.

அணில் இரண்டாம் முறை ஓடிவந்தபோது, நோயாளியின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கைகலப்பே வந்திருந்தது. ஆத்திரத்தில் குதிரை உதைத்த உதையில் தரையில் குழி விழுந்தது.

மூன்றாம் முறை அணில் ஓடிவரவில்லை, நடந்து வந்தது. "இனிமே அவசரமில்லண்ணே" என்றது.

எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு உடும்பு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த தீர்மானத்தைப் படித்தது:

"இன்றைக்கும் குதிரை போய்ச் சேரவில்லை. ஏன் என்று ஏழு நாளைக்குள் அது எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும்."

அன்று ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.