மூக்கைப் பொத்தாத நர்சம்மா

நர்சம்மா புண்ணுக் கட்டைப் பிரித்ததும் பானுப்பிரியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படிக்கு நகர்ந்தாள். கட்டிலில் குப்புறக் கிடந்த முனியராஜ் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கட்டின புருசன்தான், ஆனாலும் குடலைப் புரட்டியது.

பட்டாசு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் எட்டு மாதமாகப் படுக்கை. முதுகுக்குக் கீழே புண் விழுந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குழியாகிச் சீழ் கசிந்தது. தினமும் கட்டு மாற்றாவிட்டால் எலும்புக்குப் போய்விடும், அப்புறம் ஆள் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பானுவும் ஒருநாள் முயன்று பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியில் பகலெல்லாம் வெடிமருந்து வாடையில் கிடக்கிறவளுக்கு இந்த நாற்றம் மட்டும் பழகவே இல்லை. சோற்றில் கை வைத்தால்கூட அதுதான் வந்தது. கட்டு மாற்றச் சிவகாசியிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஒருத்தன் முதல் நாளே வாந்தி எடுத்துவிட்டுப் போனான், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவள்தான் இசபெல் நர்சம்மா. ரிட்டயர் ஆனவள். சர்ச்சில் யாரோ சொல்லக் கேட்டு, கூப்பிடாமலே வந்தாள். மாஸ்க் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, புண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், பூக்கட்டுகிறவள் மாதிரி நிதானமாக அழுகின சதையை வழித்தெடுப்பாள்.

"அருவருப்புங்கிறதே இல்லையே உங்களுக்கு. நீங்க மனுசியே இல்ல, தெய்வம்," என்பாள் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி, தெருவில் நின்றபடியே. உள்ளே மட்டும் வர மாட்டாள்.

"அப்படிச் சொல்லாதீக. அந்தப் பேருக்கு நான் லாயக்கில்ல," என்பாள் நர்சம்மா. முகம் சுண்டிப் போகும்.

போன வாரம் காபிக்கு வைத்த பால் அடிப்பிடித்துவிட்டது. ஒரு மடக்கு குடித்த முனியராஜ் தூவென்று துப்பினான். நர்சம்மா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு பானு," என்றாள். இப்படியும் ஒரு பொறுமையா என்று பானுவுக்கு எரிச்சல்கூட வந்தது.

இன்றைக்கும் நர்சம்மா குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். முகம் கோணியது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். சாக்கடையோரம் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரிக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

"பாத்தியா. அவுகளுக்கே முடியல," என்றான் முனியராஜ், தலையணையில் முகத்தைப் புதைத்தபடி. "என்னைய விட்ருங்க. அழுகிச் சாகட்டும்."

 பானுவுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நாளைக்கு வருவீகளா, நர்சம்மா?"

 நர்சம்மா வாயைக் கொப்பளித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக உள்ளே வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை ஓங்கரித்தாள். ஆனால் பாதியில் எழுந்திருக்கவில்லை. துடைத்து, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போட்டு முடித்தாள்.

பிறகு பேசின் தட்டிலிருந்து, பிரித்துப் போட்ட பழைய கட்டுத்துணியை எடுத்தாள். சீழ் சொட்டுகிற துணி. அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த பானுவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சீ, என்ன செய்றீக? கீழ போடுங்க நர்சம்மா."

நர்சம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"நாளைக்கும் வருவேன் பானு. மாஸ்க் போட்டுட்டு வருவேன். கொரோனா வார்டுல செத்துப்போன மூக்கு இது. அஞ்சு வருசமா மல்லியப்பூவும் சாக்கடையும் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு."

துணியை இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே, நாறுது."