ஐந்தாவது தபால்தலை

"வந்திருக்கா?" என்று கேட்டார் பொஸ்கா.

"இல்லையே சார்," என்றான் தபால்தலைக் கடைக்கார வீபே, கூசாமல்.

ஆம்ஸ்டர்டாமின் வாட்டர்லோ சதுக்கத்துப் பழம்பொருள் சந்தையில் சனிக்கிழமைதோறும் இதே கேள்வி, இதே பதில். பெரியவர் பொஸ்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு தபால்தலை. குழந்தைகள் நல நிதிக்காக எந்தக் காலத்திலோ வெளியிட்ட ஐந்து தபால்தலைகளில் நான்கு இருக்கிறதாம். வாத்து மேய்க்கும் சிறுமி படம் போட்ட பச்சை மட்டும் இல்லையாம்.

"ஆல்பத்தைத் திறந்தாலே அந்தக் காலிக் கட்டம்தான் கண்ணுல படுது," என்று புலம்பினார்.

பக்கத்துக் கடை த்ரூடிக்குப் பொறுக்கவில்லை. "இண்டர்நெட்ல தேடினா ஒரு நிமிஷத்துல கிடைக்குமே பெரியவரே!"

"நேர்ல எடுத்துத் திருப்பிப் பார்க்கணும்மா. பின்னாடி பசை கெட்டிருக்கா, ஓரத்துல பல்லு உடைஞ்சிருக்கான்னு பார்க்காம வாங்குறதெல்லாம் ஒரு வாங்கலா?" என்று தலையைச் சிலுப்பிக்கொண்டார்.

வீபேயின் பெட்டிகளை வெகுநேரம் கிளறிவிட்டு, வேண்டாவெறுப்பாக ஏதோ இரண்டை வாங்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றியபடி போனார்.

த்ரூடி விற்பது பழைய பீங்கான் தட்டுகள். அவற்றில் பாதி போன மாதம் செய்தவை. ஆனாலும் அடுத்தவர் சொல்லும் பொய் அவளுக்கு அறவே ஆகாது.

"ஏன்யா, உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாள். "மேசைக்கு அடியில, அந்தத் தகர டப்பாவுல வச்சிருக்கியே, அது என்ன? வாத்து, சிறுமி, பச்சை. நான் பார்த்தேன்!"

வீபே சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சத்தமா பேசாதே. கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

"அப்ப ஏன் கொடுக்கல? வாராவாரம் வந்து வேண்டாததையும் வாங்கிட்டுப் போறார்னா?"

"அட, அந்தச் சில்லறையிலயா நான் மாளிகை கட்டப் போறேன்? மனுஷன் மூணாவது மாடில தனியா இருக்கார். அந்தச் செங்குத்துப் படியில இறங்கி வர்றதே இந்த ஸ்டாம்ப்புக்காகத்தான். அந்தக் கட்டம் நிரம்பிட்டா ஜன்னலோரம் உக்காந்துடுவார். அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுப் பார்க்கணும்."

"அதை முடிவு பண்ண நீ யாரு? அவர் வயசுக்கு அடுத்த சனிக்கிழமைங்கறதே நிச்சயமில்ல. ஆசைப்பட்டதைப் பார்க்காமலே போயிட்டார்னா?"

வீபே காபியை ஊற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டான். த்ரூடிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தூறல். "கொஞ்சம் கடையைப் பார்த்துக்கோ, மீன் வாங்கிட்டு வந்துடறேன்," என்று வீபே கிளம்பினான். அந்தச் சந்தையில் ஒருவர் நகர்ந்தால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வது வழக்கம்.

அவன் தலை மறைந்ததும் பொஸ்கா வந்தார். கோட்டெல்லாம் நனைந்திருந்தது.

இதுதான் சமயம் என்று த்ரூடி குனிந்து, தகர டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்க பச்சை வாத்து. வேணும்கற மட்டும் திருப்பிப் பார்த்துக்குங்க. வீபேகிட்ட நான் பேசிக்கிறேன்."

பொஸ்கா தபால்தலையைப் பார்க்கவே இல்லை. மீன் கடைப் பக்கம்தான் பார்த்தார்.

"மூடு! சீக்கிரம் மூடும்மா!"

"ஏன், போலியா?"

"அவன் வர்றான்!" அவரே டப்பாவைப் பிடுங்கி மூடி, குனிய முடியாமல் குனிந்து மேசைக்கு அடியில் தள்ளினார். எழுந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீனோடு வீபே வந்து சேர்ந்தான்.

"வந்திருக்கா?" என்றார் பொஸ்கா.

"இல்லையே சார். ரோட்டர்டாம்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். விட மாட்டேன், எப்படியும் பிடிச்சுடுவேன்."

"நல்லாத் தேடுப்பா. உன்னை நம்பித்தான் இருக்கேன்." நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, மீனில் ஒரு துண்டையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

த்ரூடி தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு டிராம் நிறுத்தம் வரைக்கும் ஓடினாள்.

"பெரியவரே! கைக்கு வந்ததை ஏன் வேண்டாம்னீங்க? அவன் ஒளிச்சு வச்சிருக்கான், உங்களுக்குக் கோபமே வரலையா?"

"ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. பொய் சொன்னா அவனுக்குக் காது சிவந்துடும்." பொஸ்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அவன் பெண்டாட்டி விட்டுட்டுப் போனப்போ மாசக்கணக்குல அவன் மேசை காலியாக் கிடந்ததே, மறந்துட்டியா?"

"எப்படி மறப்பேன்? கட்டிலை விட்டே எழுந்திரிக்கல. நாங்க எல்லாரும் போய்க் கூப்பிட்டும் வரல."

"நானும் போனேன். ஆறுதல் சொன்னா அழுவான்னு தெரியும். அதனால சண்டை போட்டேன். 'எனக்கு அந்த ஸ்டாம்ப் வேணும், உன்னை விட்டா தேடிக் கொடுக்க ஆள் இல்ல, எழுந்திருடா'ன்னு கத்தினேன். அதைத் தேடத்தான் எழுந்து வந்தான்."

டிராம் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து ஏறியவர், திரும்பிக் குனிந்து அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவன்கிட்ட சொல்லிடாதே. அந்தப் பச்சை வாத்து, நான் பள்ளிக்கூடம் போற வயசுல இருந்தே என் ஆல்பத்துல இருக்கும்மா!"