வேலியோரத்துப் பச்சை

எழிலரசியின் நாய் செவலை காணாமற்போய் ஒரு மாதமாகியும், அதன் தட்டில் அவள் நாள்தோறும் சோறு வைத்து வந்தாள். புல்தரையைத் தோண்டுகிறதென்று அதைக் கரித்துக் கொட்டியவர் அவள் கணவர் ஞானசேகர். இன்று வேலியோரத்தில், நாய் சுருண்டு படுக்குமளவு இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கக் கண்டாள்.

"ஏங்க, இங்க மட்டும் எப்படி இவ்ளோ பச்சை?"

"யூரியா கை தவறிக் கொட்டிடுச்சும்மா."

சென்ற ஆண்டு யூரியா கொட்டிய இடத்தில் புல் கருகிப்போனதற்கு அவர் ஒரு வாரம் புலம்பியது அவளுக்கு நினைவிருந்தது.

"கோரை முளைச்சிருக்கு. களைக்கொத்தைக் குடுங்க."

"உனக்கெதுக்கு இந்த வேலை? நான் பாத்துக்கறேன்."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. புல்லில் எவரையும் செருப்புடன் கால்வைக்க விடாத ஞானசேகர், செருப்பைக் கழற்றாமலே வந்து அந்தப் பச்சையின்மேல் இரு கால்களையும் ஊன்றி நின்றார்.