பொட்டு அட்டை

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று காட்ட வந்த துளசிமணியிடம் டாக்டரம்மா, "ரெகுலரா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் முந்திக்கொண்டாள். "ஒரு மாத்திரையுமில்லீங்க. ரெண்டும் பொண்ணாப் போச்சு. மூணாவது பையனாப் பொறக்கட்டும்னு என்கூட கோயில் கோயிலா வந்துட்டிருக்கறா."

குங்குமம் வியர்வையில் கரைந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு, துளசிமணி கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். அதன் பின்னால் செருகியிருந்த இன்னோர் அட்டையை உருவி மேசைமேல் வைத்தாள். அது மாத்திரை அட்டை. பாதி காலியாகியிருந்தது.

"புள்ள உண்டாகாம இருக்கறதுக்குங்க. நாலு வருசமாச் சாப்பிடறேன். கட்டி இதனாலதானுங்களா?"

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். இந்த மாத்திரையால மார்புப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், நிறுத்தினா மெல்லக் குறையும். டெஸ்ட் முடியட்டும், அதுவரைக்கும் வேண்டாம்."

"நிறுத்திடறனுங்க. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போட்டுவிடுங்க."

மாமியார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டாள். "அப்ப கோயில்ல கண்ண மூடிக்கிட்டு என்னதான் வேண்டுன?"

"இருக்கற ரெண்டையும் ஆளாக்கற வரைக்கும் என்னை விட்டு வையின்னு தானுங்க அத்தை."

துளசிமணி எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். மாமியார் மேசையில் கிடந்த பொட்டு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.