காணாமல் போன ரிமோட்

"ஏசி ரிமோட்டை எவன்யா முழுங்கினது? மனுஷன் வெந்து சாகறேன்!"

ஃபைலால் விசிறிக்கொண்டே கத்தினார் அக்கவுண்டன்ட். கனத்த உடம்பு. கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் நிறையும்.

பில் போடும் பெண்ணும் எல்லோரோடும் சேர்ந்து அலமாரிக்கு அடியில் குனிந்து தேடினாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ரிமோட் அவளுடைய சாப்பாட்டுப் பையில்தான் இருந்தது.

அவளுக்கு இருப்பது எங்கோ யாருக்கோ வரும் வியாதி. தோல் இறுகும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். "குளிர் பட்டா விரலுக்கு ரத்தம் போகாதும்மா. புண்ணு முத்திப்போனா விரலையே எடுக்கும்படி ஆயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை, கையுறை, பிளாஸ்க்கில் வெந்நீர் என்று சமாளித்துத்தான் பார்த்தாள். ஆனால் முதல் நாளே ஏசிக் காற்றில் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டன.

சொல்லவும் பயம். பழைய ஆபீஸில் உண்மையைச் சொன்னதற்கு, "உடம்பைப் பாத்துக்கங்க" என்று அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் மறுநாள் முதல் ஆளாக வந்து ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கத்தாதீங்க சார். நாளைக்கு நீங்களே ஒரு புது ரிமோட் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் மேனேஜர்.

அலமாரிக்கு அடியிலிருந்து அவள் நிமிர்ந்தாள். அதையும் திருட முடியுமா? தன்னால் ஒருவர் இப்படி வியர்த்துக் கொட்டுவதைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பியதும் அக்கவுண்டன்ட்டின் மேஜைமேல் ரிமோட்டை வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன் சார். எனக்குக் குளிர் ஆகாது, ஒரு வியாதி. நாளையிலேர்ந்து வேலைக்கு வரலை. மன்னிச்சிடுங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்கே, ஏசியைப் போடும்மா பார்ப்போம்."

அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். ஏசி அசையவில்லை.

"ஐயோ, கெட்டுப்போச்சா சார்?"

"ரிமோட் நல்லாத்தான் இருக்கு. எங்க அக்காவுக்கும் இதே வியாதிதாம்மா. முதல் நாளே உன் விரலைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். வேலையை எல்லாம் விட வேண்டாம். புது ரிமோட் வாங்கப் போறது நான்தானே, பார்த்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே டிராயரை இழுத்தார். இரண்டு பேட்டரிகள் உருண்டு வந்தன.

"அன்னிக்குச் சாயங்காலமே கழட்டிட்டேன். என்மேல சந்தேகம் வந்துடக் கூடாதுன்னுதான் தினமும் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!"